உப்பைக் குறைக்கச் சொல்ல இரண்டு வருடப் படிப்பா?

கேள்வி கேட்டவர் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஊட்டச்சத்து இளநிலை முடித்துவிட்டு, குடியாத்தத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகருக்கு உதவியாக இருக்கிறார். சமூக நலவாழ்வு, மக்களின் உடல்நலப் பழக்கங்களை மாற்றுவது, இந்த இரண்டும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில் ஆசை. எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலை) படிப்பதா, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) படிப்பதா, கடன் வாங்கி வெளிநாடு போவதா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, கடைசியில் அண்ணன் வீட்டில் சொன்னதையும் எழுதியிருக்கிறார்: “உப்பைக் குறைங்க, தினமும் நடங்கன்னு சொல்றதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா?” உங்களை உறுத்துவது இந்தக் கடைசிக் கேள்விதான் என்று படுகிறது. இதற்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றும் எளிதாகிவிடும். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சொல்வது மட்டும்தான் வேலை என்றால் இரண்டு நாள் பயிற்சியே போதும். ஆனால் சொல்லியும் மக்கள் செய்யாத இடத்தில்தான் இந்தத் துறையே பிறந்தது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியைத் தெருவுக்கே அனுப்பியது. கட்டணம் கிடையாது, தூரம் போக வேண்டியதில்லை, காசநோய் ஆபத்தானது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்படியும் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலான சமூக உளவியலாளர்கள் ஏன் வரவில்லை என்று தேடியதில் உருவானதுதான் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’. இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், சொன்னதைச் செய்தால் என்ன பயன், செய்வதில் என்ன தொல்லை என்று மனிதர் போடும் கணக்கை அது பிரித்துக் காட்டியது. என்னால் இதைச் செய்ய முடியும் என்ற தன்னம்பிக்கையும் வேண்டும் என்பது உளவியலாளர் பண்டூராவின் ஆய்வுகளிலிருந்து பிற்பாடு சேர்ந்துகொண்டது. இரண்டு வருடமும் நீங்கள் படிக்கப்போவது இதைத்தான்: ஒரு பழக்கம் ஏன் நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பது, அந்தக் காரணத்துக்குப் பொருத்தமாக ஒன்றைச் செய்வது, செய்ததால் உண்மையில் மாறியதா என்று ஏமாறாமல் அளப்பது. மூன்றுமே தனித்தனித் திறமைகள். பேச்சுத் திறமை இவற்றுக்கு ஈடாகாது.

உங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். பேரணாம்பட்டு அருகே ஒரு கிராமம். 60 வயது அம்மா, பிரஷர் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. போகிற பணியாளர், “மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிறீங்களா?” என்று கேட்டால், “போட்டுக்கினுதான் கீறேன்” என்பதுதான் பதிலாக வரும். ரிஜிஸ்டரில் டிக் விழும். ஆனால் அடுத்த மாதம் பார்த்தாலும் பிரஷர் 160-க்குக் குறையாது. கேள்வியிலேயே ‘ஒழுங்கா’ என்று ஒரு தீர்ப்பு இருப்பதால், பதில் சொல்கிறவர் தன்னைக் காத்துக்கொள்ளவே பார்ப்பார். அதையே இப்படிக் கேட்கலாம்: “ஆயா, தினம் மாத்திரை போடறது கஷ்டம்தான், எல்லாருக்கும் நடுவுல விட்டுப்போவும். போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” விட்டுப்போவது சகஜம் என்று முதலில் சொல்லிவிட்டு, காலத்தை ஏழு நாளுக்குள் கட்டி, எண்ணிக்கையாகக் கேட்கிறோம். அப்போதுதான் “மூணு நாள் இருக்கும்” என்று வாய் திறக்கும். பிறகு அட்டையை எடுத்து வரச் சொல்லி எண்ண வேண்டும். 30 மாத்திரை கொடுத்து 30-ஆம் நாள் 8 மிச்சம் இருந்தால் 22 போயிருக்கிறது, அதாவது 73 சதவீதம். ஆய்வுகளில் வழக்கமாக 80 சதவீதத்தை எல்லையாக வைப்பார்கள். அட்டை காலியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. வீட்டுக்காரருக்கும் பிரஷர் இருந்து, இருவரும் ஒரே அட்டையிலிருந்து போட்டுக்கொள்ளும் வீடுகள் உண்டு. அதனால் “இந்த மாத்திரையை வீட்ல வேற யாராவது போடறாங்களா?” என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இனி காரணம். 2011-இல் சூசன் மிச்சியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ‘காம்-பி’ என்ற சட்டகம் இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. எந்தப் பழக்கத்துக்கும் செய்யும் திறன், செய்ய வாய்ப்பு, செய்ய வேண்டும் என்ற உந்துதல் ஆகிய மூன்றும் வேண்டும். எது குறைகிறதோ அதைச் சரிசெய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பார்க்க ஒன்றுபோல இருந்து குழம்புகிறார் என்றால் குறைவது திறன்; அட்டையின் பின்னால் சூரியன், நிலா வரைந்து கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஆம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போகும்போது அட்டை இங்கேயே தங்கிவிடுகிறது, அல்லது பணியாளர் வரும் நேரத்தில் அவர் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார் என்றால் குறைவது வாய்ப்பு. அவருக்கு எவ்வளவு புத்தி சொன்னாலும் பயனில்லை, மாத்திரை வந்து சேரும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். “தலைசுத்தல் இல்ல, நல்லாத்தான் கீறேன், எதுக்கு மாத்திர? நாள் பூரா போட்டா கிட்னி பூடும்னு சொல்றாங்க” என்றால் சிக்கல் உந்துதலில். இந்த இடத்தில்தான் பேச்சு வேலை செய்யும். அதிலும் “அதெல்லாம் பொய்” என்று அடித்துப் பேசினால் அவர் மனதை மூடிக்கொள்வார். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர்தான் என்பதை, அவருக்குத் தெரிந்த யாராவது டயாலிசிஸுக்குப் போகிறார்களா என்று கேட்டு அங்கிருந்து தொடங்கலாம். பொதுவாக நம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் இந்த மூன்றுக்குமே ஒரே மருந்தைத்தான் கொடுக்கின்றன: துண்டுப் பிரசுரம்.

சொல்வதைக்கூட எப்படிச் சொல்வது என்பதற்கு நம் எல்லைக்கு அந்தப்பக்கமே நல்ல சான்று இருக்கிறது. சித்தூர் மாவட்டக் கிராமங்களில் ‘சூப்பர் அம்மா’ என்ற கை கழுவும் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2014-இல் வெளியாயின. (1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டுடன்தான் இருந்தது. வீடும் சமையலும் நமக்கு அந்நியமில்லை.) மொத்தம் 14 கிராமங்கள், ஏழில் பிரசாரம், ஏழு ஒப்பீட்டுக்கு. பிரசாரத்தில் கிருமி, வயிற்றுப்போக்கு என்ற பேச்சே முதன்மையாக இல்லை. பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கும் ஒரு தாய், அசுத்தத்தைப் பார்த்து வரும் அருவருப்பு, ஊர் முன்னால் எடுக்கும் உறுதிமொழி ஆகியவைதான் கருவிகள். முக்கியமான நேரங்களில் சோப்புப் போட்டுக் கை கழுவுவது தொடக்கத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆறு வாரத்தில் பிரசாரக் கிராமங்களில் 19 சதவீதம், மற்றவற்றில் 4 சதவீதம். ஆறு மாதத்தில் 37-க்கு 6. இந்த எண்களை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எண்ணினார்கள். “கை கழுவுறீங்களா?” என்று கேட்டிருந்தால் முதல் நாளே பெரும்பாலோர் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள்; ஆய்வு அங்கேயே செத்திருக்கும்.

நீங்கள் ஊட்டச்சத்துக்காரர் என்பதால் உப்பையே எடுத்துக்கொள்வோம். உலக நலவாழ்வு அமைப்பு சொல்வது ஒரு பெரியவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். “எவ்வளவு உப்பு சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வரும்?” என்று கேட்டால் அடுப்பங்கரையில் இருப்பவர் உடனே சொல்வார். பெரியவர்கள் நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. மீன் கழுவ, வடாம் போட, வடித்த கஞ்சியோடு கொட்ட என்று போகும் உப்பு வயிற்றுக்குள் போவதில்லை. மறுபக்கம் கடை ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர், பேக்கரி பிஸ்கட், வெளியில் சாப்பிடும் பிரியாணி இதில் சேரவே சேராது. ஆகவே தனி ஆளின் உப்பை அளக்க இது உதவாது; ஒரே வீட்டில் முன்பு எத்தனை நாள் வந்தது, இப்போது எத்தனை நாள் வருகிறது என்று ஒப்பிட உதவும். சரியாக அளக்க 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். ஒரு முழுநாள் கேனும் கையுமாக இருக்க யாரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். எந்த அளவுகோல் எந்தக் கேள்விக்குப் போதும் என்று தீர்மானிப்பதுதான் இந்தப் படிப்பில் பாதி.

நேற்று சாப்பிட்டதைக் கேட்டு எழுதும் 24 மணிநேர உணவு விவரம் உங்களுக்குப் பழக்கமான கருவி. மருத்துவமனையில் அது ஒரு நோயாளிக்கானது, களத்தில் ஊருக்கானது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா சமயத்தில் குடியாத்தத்தில் போய் எடுத்தால் அது யாருடைய வழக்கமான சாப்பாடும் ஆகாது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளும் அப்படித்தான். ஒரே ஆளிடம் இரண்டு நாள், அதில் ஒன்று வார நாள், ஒன்று விடுமுறை நாள் என்று எடுப்பது நல்லது.

இனிக் கணக்கு. பெரும்பாலோர் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் தேவைப்படும் கணக்கு பத்தாம் வகுப்பைத் தாண்டாது. தேவைப்படும் யோசனைதான் தாண்டும். ஊரில் 20 சதவீதம் பேர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள், 5 சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை என்றால், 4 × 20 × 80-ஐ 25-ஆல் (5 × 5) வகுத்தால் 256 பேர். இது பட்டியலிலிருந்து ஆளைக் குலுக்கி எடுத்தால்தான் பொருந்தும். நாம் செய்வது அப்படியல்ல, கிராமத்தைத் தேர்ந்து, அங்கே போய் 20 பேரைப் பார்ப்போம். ஒரே கிராமத்தார் ஒருவரையொருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு கூடுதல் ஆளும் கொடுக்கும் புதுத் தகவல் குறைவு. அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்தால், 1 + 19 × 0.05, அதாவது 1.95 மடங்கு வேண்டும். 256 என்பது 500 ஆகிவிடும். மாற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால் வேறு கணக்கு. 20 சதவீதம் 35 ஆகிறதா என்று வழக்கமான 80 சதவீத வலிமையோடு (மாற்றம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பார்க்க, ஆலோசனை பெறும் பக்கத்துக்கும் ஒப்பீட்டுப் பக்கத்துக்கும் தலா 135 பேர், கிராமவாரியாகப் பிரித்தால் ஏறக்குறைய 270, இடையில் விட்டுப்போகிறவர்களுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 300. ஒரு ஆளைப் பார்க்க 45 நிமிடம், பூட்டிய வீடு, திரும்பப் போவது எல்லாம் சேர்த்தால் ஒருவர் நாளுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் முடிக்க முடியாது. இரு பக்கமும் சேர்ந்து 600 பேர் என்றால் தனி ஆளுக்கு நூறு நாளைத் தாண்டும். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் காலை பத்துக்கு மேல் தெருவில் நடக்கவும் முடியாது. முதுநிலை ஆய்வுகள் பாதியில் நொண்டுவது பெரும்பாலும் இங்கேதான். தலைப்பு நன்றாக இருக்கும், ஆள் எண்ணிக்கை கைக்கு எட்டாது. நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கே இரண்டு மூன்று மாதம் போகலாம். பிரசாரம், ஆலோசனை என்று ஏதாவது செய்து பார்க்கும் ஆய்வானால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே அதைத் தேசிய ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். முதல் வருட இறுதிக்குள் தலைப்பை முடிவு செய்யாதவர்கள் கடைசியில் கிடைத்ததை அளந்து எழுதிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பொறி எல்லாரையும் ஏமாற்றுவது. ஒரு முகாமில் 300 பேருக்கு பிரஷர் பார்க்கிறீர்கள். அதிகமாக இருந்த 60 பேரை மட்டும் எடுத்து மூன்று மாதம் ஆலோசனை கொடுத்து மறுபடி பார்க்கிறீர்கள், சராசரி இறங்கியிருக்கும். ஆலோசனை கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஓரளவு இறங்கியிருக்கும். அன்று பஸ் ஏறி, வரிசையில் நின்று, பதற்றத்தில் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அந்த 60 பேரில் இருப்பார்கள். மறுமுறை அவர்கள் தம் வழக்கமான அளவுக்குத் திரும்புவார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ‘முன்–பின்’ ஆய்வுகள் சொல்லும் வெற்றியில் இந்தப் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, கைக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டி, பேசவிடாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். தண்ணிக் குடத்தை இறக்கிவைத்த கையோடு திண்ணையில் உட்கார்ந்தவருக்கு எடுத்த பிரஷர் கணக்கில் சேராது.

இந்தத் துறையில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தகவல் கொடுப்பது மட்டும் பழக்கத்தைப் பெரிதாக மாற்றாது என்பது உறுதி. தொடர்ந்து ஆதரவு கொடுத்தால் சர்க்கரை நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதும் நம் மாநிலத்திலேயே காட்டப்பட்டது. 2006-இல் வெளியான இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடந்தது. ஏறக்குறைய மூன்று வருடத்தில், பொது ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது. உணவு, நடைப் பழக்கத்தில் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பயனில்லை. ஆனால் கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், ஊர்க்காரர்களே நடத்தும் குழுக்கள் வழியாக இதேபோன்ற முயற்சி செய்தபோது, இரண்டு வருடத்தில் 17.1-க்கு 14.9 சதவீதம் என்ற சிறிய வேறுபாடுதான் கிடைத்தது. புள்ளியியல்படி அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சென்னை மருத்துவக் குழு நேராகப் பார்த்துக்கொண்டதில் நடந்தது, ஊர்க் குழுக்களில் அதே அளவில் நடக்கவில்லை. சேர்ந்தவர்கள் வேறு, தீவிரம் வேறு, காலம் வேறு. இதில் எது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பாடப்புத்தகங்களில் பெரிதாக வரும் ‘மாற்றத்தின் படிநிலைகள்’ கோட்பாடும் அப்படித்தான். யோசிக்காதவர், யோசிப்பவர், தயாராகுபவர், செய்பவர், தொடர்பவர் என்று புரோச்சாஸ்காவும் டிக்ளெமென்டேயும் பிரித்தது கேட்க அழகாக இருக்கும். புகை நிறுத்தும் முயற்சியில் படிநிலைக்கு ஏற்பப் பேசுவது, மற்ற நல்ல ஆலோசனைகளைவிட மேல் என்று தொகுப்பாய்வில் நிரூபணமாகவில்லை. தேர்வுக்கு அதைப் படியுங்கள். களத்தில் அதை நம்பி ஆளைப் பெட்டியில் அடைக்காதீர்கள்.

இந்தப் படிப்பின் எல்லையும் முக்கியம். குடியாத்தம் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி நாள் முழுதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் பெண்ணிடம் போய், “நல்ல காத்துல உக்காருங்க” என்று நடத்தை மாற்றம் பேசுவது அநியாயம். அவர் சுற்றும் வேகம்தான் அவர் வருமானம். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவால் கிணறு கெட்ட ஊரில் “தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க” என்பதும் அப்படியே. காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியமும் உப்பும் போகாது. எந்தப் பிரச்சினையைத் தனி ஆளின் பழக்கமாகப் பார்க்கலாம், எதைக் கூலி, சட்டம், குடிநீர்க் குழாய் என்று பார்க்க வேண்டும் எனப் பிரித்தறியக் கற்றுத்தராத படிப்பு, நோயாளி மேல் பழிபோடும் ஆட்களைத்தான் தயாரிக்கும். சேரப்போகும் இடத்தின் பாடத்திட்டத்தில் சமூகக் காரணிகள், நலவாழ்வுக் கொள்கை ஆகிய தாள்கள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

இப்போது உங்கள் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன். எம்.டி. சமூக மருத்துவம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு, மூன்று வருடம். அது உங்களுக்கு இல்லை. எம்.எஸ்சி. சமூகநல நர்சிங்குக்கு நர்சிங் இளநிலை வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது எம்.பி.எச். அல்லது எம்.எஸ்.டபிள்யூ.; இரண்டும் இரண்டு வருடம். எம்.பி.எச்.சில் நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் நலம், நலவாழ்வு மேலாண்மை, சமூக–நடத்தை அறிவியல் ஆகிய ஐந்தும் அடித்தளம். எம்.எஸ்.டபிள்யூ.வில் தனி ஆளோடும் குழுவோடும் வேலை செய்யும் பயிற்சியும் வாரந்தோறும் களப்பணியும் ஆழமாக இருக்கும். அளவிடும் பயிற்சி குறைவு. நீங்கள் ஆளோடு பேசுவதை ஏற்கெனவே தினமும் செய்கிறீர்கள். குறைவது அளவிடும் திறமை. அதனால் எம்.பி.எச். பக்கம்தான் நான் சாய்வேன். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். நடத்துகிறது, சென்னையில் ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், புதுச்சேரியில் ஜிப்மர் ஆகியவையும் உண்டு. யாரைச் சேர்ப்பது என்ற விதி இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் மருத்துவம் சாராத பட்டதாரிகளிடம் முதலில் ஒரு முதுநிலைப் பட்டமோ கள அனுபவமோ கேட்பதுண்டு. விதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டுக் கையேட்டை மட்டும் நம்புங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். எந்த இடமானாலும் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். களத்தில் மொத்தம் எத்தனை வாரம், அதில் மாணவர் தாமே தரவு எடுக்கிறாரா அல்லது கூட நின்று பார்க்கிறாரா? புள்ளியியல் வகுப்பு கணினியில் உண்மையான தரவை வைத்து நடக்கிறதா? போன வருட மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்க விடுவார்களா? மூன்றாவதற்குத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

வெளிநாடு பற்றி: அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எம்.பி.எச். என்றால் குறைந்தது 42 கிரெடிட், பெரும்பாலும் இரண்டு வருடம். பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு வருடம். கோட்பாடும் ஆய்வு முறையும் அங்கே நன்றாகவே சொல்லித்தருவார்கள். ஆனால் பழக்கம் என்பது அந்தந்த ஊரின் அடுப்பு, பஸ், கூலி நேரத்தோடு பிணைந்தது. அங்கே கள அனுபவம் அந்த ஊருக்கானதாகவே இருக்கும். ஊரில் இரண்டு மூன்று வருடம் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டுப் போகிறவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போகிறார்கள். படிப்பு முடித்த கையோடு பெரிய கடனில் போய்விட்டு இங்கே திரும்பினால், கிடைக்கும் ஒப்பந்தச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது கடினம். உதவித்தொகை கிடைத்தால் கதை வேறு.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத் துறை பழமையானது, தனி இயக்குநரகமே உண்டு. பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இலேயே வந்தது. ஆனால் அதிகாரிப் பணியிடங்கள் பெரும்பாலும் டாக்டர்களுக்கானவை. டாக்டர் அல்லாத எம்.பி.எச். பட்டதாரிக்குக் கிடைப்பது ஆய்வுத் திட்ட அலுவலர், கள மேற்பார்வையாளர், தேசிய நலவாழ்வு இயக்கத்தின் மாவட்ட அளவிலான ஒப்பந்தப் பணிகள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள். பெரும்பாலும் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு அடுத்த திட்டம் சீக்கிரம் கிடைக்கிறது. பேச்சு மட்டும் தெரிந்தவர் காத்திருக்க நேர்கிறது.

இதையெல்லாம் பார்க்க நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யின் சமூக நலத் துறை 1957-இல் தொடங்கியது. பாகாயத்தில் இருக்கும் அதன் ‘சாட்’ மருத்துவமனையிலிருந்து கணியம்பாடி வட்டாரக் கிராமங்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. கிராமத்துப் பெண் பணியாளர் சொல்லும் பிறப்பையும் இறப்பையும் அடுத்த நிலைப் பணியாளர், செவிலியர், டாக்டர் என்று ஒவ்வொரு படியிலும் சரிபார்க்கும் முறை அங்கே பார்க்க வேண்டிய ஒன்று. சி.எம்.சி.யின் இன்னொரு கிராம நலப் பிரிவான ‘ருசா’ 1977 முதல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் இயங்குகிறது. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாம். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல் இங்கேதான், வட ஆற்காட்டில். டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் வட ஆற்காடு மாவட்டத்தில், மருத்துவமனைகள் தபால் அட்டையில் நோயைத் தெரிவிக்கும் கண்காணிப்பு முறையை அமைத்ததும் இந்த மண்ணில்தான். விண்ணப்பிக்கும் முன் இத்தகைய இடங்களில் கள ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஆறு மாதம் வீடுவீடாகக் கேள்வித்தாளோடு நடந்தாலே இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும்.

அதுவரை வீட்டிலிருந்தே செய்ய ஒன்று உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, வேலூர் மாவட்டத் தாளை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அதில் வேலூர் என்பது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 நவம்பரில் பிரிவதற்கு முந்தைய பெரிய மாவட்டம். இப்போதைய வேலூரோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். பிரஷர் வரிசையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் தெருவில் பத்து வீட்டில் மேலே சொன்ன மாத்திரைக் கேள்வியையும் உப்புப் பாக்கெட் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பத்து வீட்டை வைத்து எந்தச் சதவீதமும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கேள்விக்கு ஆட்கள் யோசித்துப் பதில் சொல்கிறார்கள், எதற்கு உடனே ‘ஆமாம்’ என்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், அந்தத் தாளை எடுத்துக் காட்டிப் பேசலாம்.